மவுண்டுக்கு அடியில்

இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. சேர்க்கத் தெரிந்தவளாக இருந்தால் முடிவையாவது கொஞ்சம் ஒழுங்காகச் சேர்த்திருப்பேன். நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நான் தவறாகப் பார்த்திருக்கக்கூடிய இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று இரவு அந்த லேபில் நான் தனியாக இல்லை. டிரைவர் அண்ணனும் இருந்தார். அவரைக் கேட்டாலும், அவர் பார்த்த வரைக்கும் இதையேதான் சொல்வார்.

பகலில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். மாலையில் லினக்ஸ் கம்ப்யூட்டர் வகுப்பு. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. கீழே இரண்டு மாடிகளும் துணிக் குடோன். ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு கட்டடத்தில் விளக்கு எரிவது எங்கள் லேபில் மட்டும்தான்.

அண்ணனை முதலில் பார்த்தது எங்கள் கடையில். இருபது வருடம் பஸ் ஓட்டியவர். கண் பரிசோதனையில் வலது கண் தேறவில்லை, இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடி வாங்க வந்தவர், மேசையில் கிடந்த என் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இதைப் படிச்சா உட்கார்ந்த இடத்துல வேலை கிடைக்குமா தங்கச்சி?"

"கிடைக்கும்ணே" என்றேன். யோசிக்காமல் சொன்னது. மறுவாரமே அவர் வந்து சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம். அவருக்கு வேலை கிடைக்காவிட்டால் அது என் வாயால் வந்த வினை.

அவர் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். மற்றவர்கள் பார்க்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டி வைக்கச் சொன்னால் பூட்ட மாட்டார். "யாரு வேணா ஏறலாம், யாரு வேணா இறங்கலாம்" என்று தன் கோப்புகள் இருக்கும் டைரக்டரியை எல்லோருக்கும் திறந்தே வைத்திருந்தார். வகுப்பு எடுக்கும் சார் தலையில் அடித்துக்கொள்வார். "பஸ்ஸையும் இப்படிக் கதவை மூடாமத்தான் ஓட்டினீங்களாண்ணே?"

ஆறு மாதம் போனது. ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலி என்று தெரிந்தது. ஒன்றே ஒன்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. சொந்தமாகச் செய்த புராஜெக்டை எடுத்துப் போய் அவர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அண்ணனுடையது, நெட்வொர்க்கில் இருக்கும் சர்வர் என்கிற பெரிய மிஷின்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, எது வேலை செய்கிறது என்று சொல்லும் புரோகிராம். வயது வரம்பு நாற்பத்தைந்து. அண்ணனுக்கு நாற்பத்தைந்து முடிய மூன்று வாரம்தான் பாக்கி. இந்தத் தேர்வு போனால் அடுத்தது என்று ஒன்று கிடையாது. அவருக்கும் தெரியும், அவர் வீட்டுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் லேபில் பன்னிரண்டு இருக்கைகள். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் உள்ளே நுழைவது ஒரே பெரிய மிஷினுக்குள்தான். அது கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் இருக்கிறது. சார் இரண்டு மாதம் முன்னால் புதிதாக வாங்கியது. மாணவர்களின் வேலையெல்லாம் அதன் டிஸ்கில் இருந்தது. இடம் போதவில்லை என்று, நெட்வொர்க்கில் மாட்டும் தனி டிஸ்க் பெட்டி ஒன்றை வாங்கி மேல் தட்டில் வைத்தார். எல்லோருடைய டைரக்டரிகளையும் அதற்கு மாற்றி, பழைய இடத்திலேயே மவுண்ட் செய்யும் வேலையை எனக்குக் கொடுத்தார்.

மவுண்ட் என்றால் என்னவென்று சார் முதல் வாரமே சொன்னது எனக்கு மறக்காது. "சுவர்ல ஒரு படம் ஒட்டியிருக்கு. அதே இடத்துல ஒரு காலண்டரை மாட்டறீங்க. இனிமே கண்ணுக்குத் தெரியறது காலண்டர்தான். படம் எங்கயும் போகல. காலண்டரைக் கழட்டினா அப்படியே இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலையைச் செய்தேன். எல்லாவற்றையும் பெட்டிக்கு நகலெடுத்தேன். பாதுகாப்பாக இருக்கட்டுமென்று பழையவற்றை அழிக்காமல் அப்படியே விட்டேன். அவற்றின் மேல் பெட்டியை மவுண்ட் செய்தேன். மிஷின் எப்போது தொடங்கினாலும் தானாக மவுண்ட் ஆகும்படி எழுதி வைத்தேன். பெட்டி கிடைக்காவிட்டாலும் அதற்காக நிற்காமல் மிஷின் தொடங்கிவிட வேண்டும் என்று ஒரு சொல்லையும் சேர்த்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை காலையில் லேபைச் சுத்தம் செய்தவர்கள் மிஷின், பெட்டி இரண்டின் பிளக்கையும் பிடுங்கியிருக்கிறார்கள். திரும்பப் போடும்போது மிஷினுக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். மிஷின் நான் சொன்னபடியே நடந்துகொண்டது. பெட்டியைத் தேடியது. காணவில்லை. ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் தொடங்கிவிட்டது. காலண்டர் இல்லை. அடியிலிருந்த பழைய படம் வெளியே தெரிந்தது. பார்க்க எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

அது படிப்பு விடுமுறை வாரம். யாரும் வரவில்லை. தினமும் வந்து உட்கார்ந்தது அண்ணன் ஒருவர்தான். ஒரு வாரமாக அவர் செய்ததெல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நான் போனேன். பெட்டியின் பிளக் கழன்று கிடப்பதைப் பார்த்தேன். யாருடைய வேலையெல்லாம் நின்று போயிற்றோ என்று பதறி, பிளக்கைச் செருகி, மிஷினை மறுபடி தொடக்கினேன். பெட்டி மவுண்ட் ஆனது. நிம்மதி.

ஏழு மணிக்கு அண்ணன் வந்தார். உட்கார்ந்தார். ஒற்றை விரலால் பாஸ்வேர்டை அடித்தார். அப்புறம் ரொம்ப நேரம் அசையவே இல்லை.

"தங்கச்சி."

"என்னண்ணே?"

"ஒரு வாரமா செஞ்சது ஒண்ணையும் காணோம்."

போய்ப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு எல்லாம் நின்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி துடைத்தார். நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடி அது.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

சாருக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். ஏதோ கல்யாணத்துக்காக ரயிலில் போகிறேன் என்று முன்பே சொல்லியிருந்தார். என்ன நடந்திருக்கும் என்று நானே யோசித்துக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கண்டுபிடித்ததும் கத்தியே விட்டேன்.

"அண்ணே, எங்கயும் போகல! அடியில இருக்கு! மவுண்டைக் கழட்டினா வந்துடும்!"

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்ப நான் டீ குடிச்சுக்கிறேன்." பிளாஸ்கைத் திறந்தார். வீட்டிலிருந்து அவர் மனைவி கொடுத்து அனுப்பியது.

இதுவரை பயப்பட எதுவும் இல்லை. இதற்கு மேல்தான்.

மணி எட்டு ஐம்பது. மவுண்டைக் கழற்றும் கட்டளையை அடித்தேன். மறுத்துவிட்டது. 'உபயோகத்தில் இருக்கிறது.' பார்த்தால் நானே அந்த டைரக்டரிக்குள்தான் இருந்தேன். உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிற கதை. எனக்கே சிரிப்பு வந்தது. வெளியே வந்தேன். அண்ணனையும் லாக் அவுட் செய்து வெளியே வரச் சொன்னேன். மறுபடி அடித்தேன்.

உபயோகத்தில் இருக்கிறது.

யார் உபயோகிக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. வழக்கமாக அந்த வரியில் ஆளின் பெயர் இருக்கும். இதில் பெயர் இல்லை. ஓர் எண் இருந்தது.

1043.

பெயர் இல்லாமல் எண் மட்டும் வந்தால், அந்த எண்ணுள்ள ஆளை மிஷினுக்குத் தெரியாது என்று அர்த்தம். எங்கள் வகுப்பில் அப்படி ஓர் எண் கிடையாது. நான் அவசரத்தில் தவறாகப் படித்திருக்கலாம் என்று மறுபடி கேட்டேன். அதே எண். உள்ளே வந்த இடம்: ஒன்பதாம் இருக்கை.

"அண்ணே... ஒன்பதுல யாராவது உட்கார்ந்தாங்களா இந்த வாரம்?"

"ஒன்பதுல மிஷினே இல்லியே தங்கச்சி. ரிப்பேருக்குப் போயிருக்கு."

எழுந்து போய்ப் பார்த்தேன். திரை மேல் துணி மூடியிருந்தது. கீபோர்டு இல்லை. கம்ப்யூட்டர் இல்லை. நெட்வொர்க் கேபிள் மட்டும் மேசை விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தேன். பழைய இணைப்பு ஏதாவது செத்துப்போய் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அது நடக்கக் கூடியதுதான். புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த 1043-இன் இணைப்பைக் கொல்லும் கட்டளையை அடித்தேன். போய்விட்டது.

மறுபடி பார்த்தேன்.

வந்திருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயிருந்து. டிஸ்க் ஓடும் சத்தம்தான், தினமும் கேட்பதுதான். ஆனால் இது... க்ர்ர்ர்... க்ர்ர். கொஞ்சம் நிற்கும். க்ர்ர்ர். நிற்கும். யாரோ இரண்டு வரி எழுதி, நிறுத்தி, யோசித்து, மறுபடி எழுதுவது போல.

"அண்ணே, ஏதாவது டைப் பண்றீங்களா?"

"ரெண்டு கையிலயும் டீ இருக்கு, பார்த்துக்க." தூக்கிக் காட்டினார்.

கண்ணாடி அறைக்குள் போனேன். எல்லா இருக்கைகளின் கேபிள்களும் வந்து சேரும் சுவிட்ச் ஒன்று அங்கே உண்டு. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு சின்ன பச்சை விளக்கு. என் இருக்கையின் விளக்கும் அண்ணன் இருக்கையின் விளக்கும் எரிந்தன. மற்றவை இருண்டு கிடந்தன. ஒன்பது மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. டிஸ்க் சத்தம் வரும்போது துடித்தது. சத்தம் நின்றால் நின்றது.

ஒன்பதின் கேபிளை சுவிட்சிலிருந்து பிடுங்கினேன்.

கேபிள் என் கையில் இருந்தது.

விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

அந்த ஓட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். காலி. விரலை வைத்தேன். காலிதான். பக்கத்து விளக்கின் ஒளி பட்டு நான் குழம்பியிருக்கலாம். அப்படித்தான் அந்த நேரத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பக்கத்து விளக்குகள் எரியவில்லை.

அண்ணனிடம் சொல்லவில்லை. நாளைக்குத் தேர்வுக்குப் போகிற மனிதரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஆச்சா?"

"ஆகும்ணே. வேற வழியில போறேன்."

வேறு வழி உண்டு. காலண்டரைக் கழற்றாமலே அடியிலிருக்கும் படத்தைப் பார்க்கலாம். மிஷினின் சொந்த டிஸ்கை முழுவதுமாக இன்னோர் இடத்தில் இன்னொரு முறை மவுண்ட் செய்தால், அந்தப் பக்கவாசல் வழியாகப் போகலாம். அங்கே பெட்டி குறுக்கே நிற்காது. முன்வாசலில் யார் நின்றாலும் எனக்குக் கவலையில்லை. செய்தேன். திறந்தது.

அண்ணனின் டைரக்டரி இருந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன்... எல்லாம் இருந்தன.

"அண்ணே, இருக்கு!"

அவர் எழுந்து வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் மூச்சு விடுவது கேட்டது. "வீட்டுக்கு ஒரு போன் போட்டுட்டு வந்துடறேன். காணோம்னு சொன்னதுலேர்ந்து அவ ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா" என்று மொபைலை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்குப் போனார்.

நான் தனியானேன்.

நகலெடுக்கும் முன்னால் எத்தனை கோப்புகள் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பதினான்கு இருந்தன. பென் டிரைவைச் செருகினேன். மறுபடி எண்ணினேன்.

பதினைந்து.

க்ர்ர்ர்... க்ர்ர்.

பதினைந்தாவது கோப்பின் அளவைப் பார்த்தேன். சின்னதுதான். இன்னொரு முறை பார்த்தேன். கொஞ்சம் பெரியதாக இருந்தது. இன்னொரு முறை.

வளர்ந்துகொண்டிருந்தது.

அது இருந்தது மவுண்டுக்கு அடியில். பெட்டி மேலே மூடியிருக்கிறது. பக்கவாசலைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைத் திறந்தவள் நான். அங்கே நான் எதுவும் எழுதவில்லை. பிறகு யார்...

கோப்பின் சொந்தக்காரர் யார் என்று பார்த்தேன்.

1043.

லேபின் கடைசி வரிசையில் ஒரு நாற்காலிச் சக்கரம் உருண்டது. மெல்ல. மேசைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்ளும்போது வருகிற சத்தம்.

நான் திரும்பவில்லை.

என் திரையில் ஒரு வரி வந்தது. நான் அடிக்காத வரி. ஒரே மிஷினில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்ளலாம்; வகுப்பில் விளையாட்டுக்குச் செய்திருக்கிறோம். அனுப்பியவர் இடத்தில் அந்த எண் இருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தது.

'ஒரு நிமிஷம். முடிச்சிடறேன்.'

அண்ணனைக் கூப்பிட நினைத்தேன். வெளியே அவர் பேசுவது கேட்டது. "ஆமா, கிடைச்சிடுச்சு... தங்கச்சிதான் எடுத்துக் கொடுத்துச்சு... நீ சாப்பிடு முதல்ல..."

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் பென் டிரைவில் எதுவும் இருக்காது. நாளைக்கு அவர் வெறுங்கையோடு போக வேண்டும். நான்தான் "கிடைக்கும்ணே" என்றவள்.

உட்கார்ந்தே இருந்தேன்.

க்ர்ர்ர். க்ர்ர்ர். க்ர்ர்ர். இப்போது இடைவெளியே இல்லை.

கழுத்தின் பின்னால் காற்று பட்டது. ஏசி காற்றாக இருக்கலாம்.

ஏசியை எட்டு மணிக்கே அணைத்திருந்தோம்.

க்ர்ர்...

நின்றது.

திரையில் இன்னொரு வரி.

'எடுத்துக்கோ.'

நகலெடுக்கும் கட்டளையை எப்படி அடித்தேன் என்று தெரியாது. மூன்று முறை தப்பாக அடித்தேன். நான்காவது முறை ஓடியது. பென் டிரைவைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டேன். எழுந்தேன். வாசலுக்குப் போக ஒன்பதைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது.

துணி மூடிய திரை.

தொங்கும் கேபிள்.

நாற்காலி மேசைக்குள் இழுத்துப் போடப்பட்டிருந்தது. சற்று முன் நான் பார்த்தபோது அது தள்ளி நின்றதா? அப்படித்தான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் இதற்குச் சத்தியம் செய்வேன். தாண்டும்போது என் கை அதன் இருக்கையில் பட்டது.

சூடாக இருந்தது.

"ஏன் தங்கச்சி, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்றார் அண்ணன் வராந்தாவில்.

"பசிண்ணே."

"வா வா. கீழ கடையில ஏதாவது வாங்கித் தர்றேன். இன்னிக்கு நீ என்ன கேட்டாலும் வாங்கித் தருவேன்."

படியில் அவர் முன்னால் இறங்கினார். நான் திரும்பிப் பார்க்காமல் பின்னால் இறங்கினேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"கிடைச்சிடுச்சு தங்கச்சி!" அண்ணன் அழுதுகொண்டிருந்தார். பின்னால் அவர் மனைவி, "சிரிங்களேன், ரோட்டுல எல்லாரும் பார்க்கறாங்க" என்று அதட்டியது கேட்டது. அவரும் அழுதுகொண்டுதான் அதட்டினார். நானும் அழுதுவிட்டேன். வாடிக்கையாளர், விலை அவ்வளவு அதிகமா என்று கேட்டார்.

கொஞ்சம் அடங்கியதும் அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ணு கேட்கணும். நேத்து நான் போன் பேசப் போனப்ப, நீதானே எழுதிச் சேர்த்தே?"

"எதை?"

"மறைக்காத. என் புராஜெக்ட் பாதிதான் ஆச்சு. நெட்வொர்க்ல ஒரு சர்வர் நடுவுல செத்துப்போனா, அதுக்காகக் காத்துக்கிட்டு எல்லாமே உறைஞ்சு போயிடுமில்ல? அதைத் தாண்டிப் போற இடம் எனக்கு வரவே இல்ல. வாரம் முழுக்க முட்டிக்கிட்டேன். உங்கிட்ட சொல்ல வெட்கம். இருக்கறதைக் காட்டிட்டுத் தோத்துட்டு வரலாம்னுதான் போனேன். அவங்களும் சரியா அதைத்தான் கேட்டாங்க. ஒரு சர்வரை வேணும்னே அணைச்சாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன்... ஓடுது தங்கச்சி. தாண்டிப் போயி, கடைசி வரைக்கும் ஓடுது."

"நான் எழுதலண்ணே."

"சும்மா சொல்லாத."

"எனக்கும் அது தெரியாதுண்ணே. சார் இன்னும் அந்தப் பாடமே எடுக்கல."

"சரி. வச்சிடறேன்" என்றார்.

திங்கட்கிழமை சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கம்போலக் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்தார். "வெறும் வயித்துல கமாண்ட் அடிச்சா இப்படித்தான்மா ஆகும்." பக்கவாசலைத் திறந்து அந்தப் பதினைந்தாவது கோப்பைக் காட்டினேன். எண்ணைப் பார்த்தார். உள்ளே எழுதியிருந்ததைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்து கிண்டல் இறங்கிப் போனது.

"இந்த மிஷின் புதுசு" என்றார், எனக்கென்று இல்லாமல். "அட்டைப்பெட்டியைப் பிரிச்சதே நான்தான்."

"1043 யாரு சார்?"

"மூணு வருஷம் முன்னாடி ஒரு பொண்ணு. பழைய மிஷின்ல அதோட எண் இது. இதே ஒன்பதுலதான் உட்காரும். வீட்டுக்குக் கிளம்புன்னா, ஒரு நிமிஷம் சார், முடிச்சிடறேன்னும்..." கையைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார். "ஏதோ வேலைக்குத் தேர்வு எழுதிட்டு வந்துச்சு. முடிவு வர்றதுக்குள்ள ரோட்டுல..."

கோப்பை மூடிவிட்டு அவரே சொன்னார். "மவுண்டுக்கு அடியில ஒருத்தர் எழுதணும்னா, மேல மூடறதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும்மா. மூடினப்புறம் முன்வாசல் வழியா யாரும் உள்ள போக முடியாது."

அன்றைக்கே நான் என் ஆறாம் இருக்கையை விட்டு, ஒன்பதிலிருந்து தள்ளி முதல் வரிசைக்கு மாறிக்கொண்டேன். மறுநாளிலிருந்து அந்த வகுப்புக்கே போகவில்லை. அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது வேறோர் இடத்தில் படிக்கிறேன். இதையெல்லாம் எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் அண்ணன் போன் செய்திருக்காவிட்டால்.

அவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. குரலில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. வீட்டிலிருந்து பேசவில்லை, தெருவில் நின்று பேசினார்.

"தங்கச்சி, இங்க வேலைக்கு எடுத்த உடனே லாகின் கணக்கு திறந்து வச்சிடுவாங்க. ஆள் வந்து சேர்றதுக்கு முன்னாடியே. எனக்கும் அப்படித்தான் திறந்தாங்க."

"சரிண்ணே."

"என் மேலதிகாரி நேத்து பேச்சுவாக்குல சொன்னாரு. அந்தச் சர்வரைத் தாண்டற விஷயத்தை, உங்களை மாதிரியே இதுக்கு முன்னாடி ஒருத்தர்தான் எழுதினாங்க, உங்க இன்ஸ்டிடியூட்தான், அந்தப் பொண்ணைத்தான் எடுத்தோம், சேர வேண்டிய நாள்ல வரவே இல்லை, போன் பண்ணினாலும் யாரும் எடுக்கலைன்னாரு. அதுக்கப்புறம் அந்த இடத்துல யாரும் நிலைக்கலையாம். மூணு வருஷம்."

"அப்புறம்?" என்றேன்.

"அந்தப் பொண்ணுக்குத் திறந்த கணக்கை அழிக்க மறந்துட்டாங்க. இன்னிக்கு அதை அழிக்கச் சொல்லி எங்கிட்ட கொடுத்தாங்க. அழிக்கறதுக்கு முன்னாடி, எப்பவாவது யாராவது உபயோகிச்சாங்களான்னு பார்த்தேன். மூணு வருஷமா ஒரு தடவைகூட யாரும் உள்ள வரல. அப்புறம் ஒரே ஒரு தடவை வந்திருக்கு."

"எப்போண்ணே?"

"நான் சேர்ந்தேன் பாரு, அன்னிக்குக் காலைல. எட்டு மணிக்கு."

"நீங்க அன்னிக்கு எத்தனை மணிக்குப் போனீங்க?"

"எட்டரைக்கு."

தெருவில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது. அண்ணன் அது போகும்வரை காத்திருந்தார்.

"இன்னும் வெளிய போகல தங்கச்சி. லாக் அவுட்டே ஆகல."